கடற்காற்றாலைப் பகுதிகளில் கடற்பறவைக் கணக்கெடுப்பு

கடலுக்குள் காற்றாலைகள் நிறுவப்படும் இடத்திலும் அதைச் சுற்றியுள்ள நீர்ப்பரப்பிலும் எந்தெந்தப் பறவைகள், எந்தப் பருவத்தில், ஏறத்தாழ எத்தனை இருக்கின்றன என்பதை அறிய நடத்தப்படும் கள ஆய்வே கடற்பறவைக் கணக்கெடுப்பு ஆகும். கப்பலில் இருந்து கண்ணால் பார்த்து எண்ணுதல், தாழப் பறக்கும் விமானத்தில் இருந்து எண்ணுதல், உயரத்தில் பறக்கும் விமானத்தில் இருந்து டிஜிட்டல் படம் எடுத்துப் பின்னர் எண்ணுதல் ஆகிய மூன்றும் இதன் முதன்மை முறைகள். ரேடார், பறவையின் உடலில் பொருத்தப்படும் ஜி.பி.எஸ். கருவி, காற்றாலையிலேயே பொருத்தப்படும் கேமரா ஆகியவை இவற்றுக்குத் துணையாகப் பயன்படுகின்றன.

உலகின் முதல் கடற்காற்றாலைப் பண்ணை 1991-இல் டென்மார்க்கின் விண்டபி என்னும் இடத்தில் 11 காற்றாலைகளுடன் தொடங்கப்பட்டது. அதன் பிறகு வட கடலிலும் பால்டிக் கடலிலும் இத்தகைய பண்ணைகள் வேகமாகப் பெருகின. கணக்கெடுப்பு முறைகளும் அந்தக் கடல்களிலேயே, பண்ணைகளுக்கு அனுமதி கொடுப்பதா மறுப்பதா என்ற வழக்குகளுக்கும் வாதங்களுக்கும் நடுவில் வளர்ந்தன.

எண்ணிக்கை ஏன் தேவைப்படுகிறது

காற்றாலைகளால் கடற்பறவைகளுக்கு நேரக்கூடிய பாதிப்புகள் மூன்று வகைப்படும். சுழலும் இறக்கையில் மோதி இறப்பது முதலாவது. காற்றாலைகளைக் கண்டு அஞ்சி, வழக்கமாக இரை தேடும் இடத்தைக் கைவிட்டுப் போவது இரண்டாவது. வலசைப் பாதையிலோ கூட்டுக்கும் இரைக்களத்துக்கும் இடையிலோ பண்ணை குறுக்கே நிற்பதால் சுற்றுவழியில் பறக்க நேர்வது மூன்றாவது. பொதுவாக மோதல்தான் பேசப்படுகிறது. ஆனால் சில இனங்களுக்கு இடம் இழப்பதே பெரிய இழப்பு. இறந்த பறவை கடலில் விழுந்து மூழ்கிவிடும் அல்லது அலையோடு போய்விடும் என்பதால், நிலத்தில் செய்வதைப் போலக் காற்றாலையின் அடியில் சடலங்களைத் தேடி எண்ணவும் வழியில்லை. ஆகவே, அந்த இடத்தில் எத்தனை பறவைகள் இருக்கின்றன என்ற எண்ணில் இருந்தே பாதிப்பின் அளவைக் கணக்கிட வேண்டியுள்ளது.

இந்த எண் எவ்வளவு தூரம் போகக்கூடியது என்பதற்கு இங்கிலாந்தின் தேம்ஸ் கழிமுகம் நல்ல சான்று. செந்தொண்டை டைவர் என்பது வடதுருவப் பகுதிகளிலும் அதை ஒட்டிய நாடுகளிலும் நன்னீர்க் குளங்களின் கரையில் முட்டையிட்டு, குளிர்காலத்தை ஆழமில்லாத கடலோரங்களில் கழிக்கும் நீர்ப்பறவை. பிரிட்டனைச் சுற்றிக் குளிர்காலத்தில் சுமார் 4,850 பறவைகள் இருப்பதாகவே நெடுநாள் கருதப்பட்டது. காற்றாலைத் திட்டங்களுக்காகவும் கடல் பாதுகாப்புப் பகுதிகளை அடையாளம் காணவும் விமானக் கணக்கெடுப்புகள் நடந்தபோது, கரையில் இருந்து பார்த்தவர்களின் கண்ணுக்கு எட்டாத தொலைவில் பெருங்கூட்டங்கள் இருப்பது தெரியவந்தது. 2008-இல் வெளியான மதிப்பீடு 17,116. பறவைகள் திடீரெனப் பெருகிவிடவில்லை. அதுவரை யாரும் அங்கே போய்ப் பார்க்கவில்லை என்பதே காரணம். இதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தேம்ஸ் வெளிக்கழிமுகத்திலேயே இருந்தது. 2010-இல் அந்தப் பகுதி சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதே கழிமுகத்தில் 175 காற்றாலைகளும் 630 மெகாவாட் திறனும் கொண்ட லண்டன் அரே பண்ணை 2013-இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. அதன் இரண்டாம் கட்டம் 2014 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. தொழில்நுட்பச் சிக்கல்களோடு, முதல் கட்டத்தால் டைவர் பறவைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை அறியத் தேவையான தரவுகள் கிடைக்க இன்னும் சில ஆண்டுகள் ஆகும் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

கப்பலில் இருந்து எண்ணுதல்

மிகப் பழைய முறை இது. 1970-களில் வட கடலில் எண்ணெய்க் கிணறுகள் பெருகியபோது, எண்ணெய் கசிந்தால் எந்தப் பறவைகள் மாட்டிக்கொள்ளும் என்பதை அறியவே கடலில் முறையான எண்ணிக்கை தேவைப்பட்டது. ஆனால் ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு விதமாக எண்ணியதால் ஒருவர் தரவை மற்றொருவர் தரவோடு ஒப்பிட முடியவில்லை. 1984-இல் மார்க் டாஸ்கரும் அவருடைய சக ஆய்வாளர்களும் அமெரிக்கப் பறவையியல் இதழான ‘தி ஆக்’-இல் எழுதிய கட்டுரை, எல்லாரும் பின்பற்றத்தக்க ஒரு பொதுமுறையை முன்வைத்தது. ஐரோப்பியக் கடற்பறவைத் தரவுத்தளம் இந்த முறையின் அடிப்படையிலேயே வளர்ந்தது. 2004-இல் காம்ஃபைசன் முதலானோர் இதையே காற்றாலை ஆய்வுகளுக்கு ஏற்றவாறு விரிவாக்கி, பிரிட்டனுக்கான வழிகாட்டியாக எழுதினர்.

கப்பல் முன்னரே வரைந்த ஆய்வுக்கோடுகளின் மீது சீரான வேகத்தில் செல்லும். பார்வையாளர் கப்பலின் மேல்தளத்தில், கடல் மட்டத்தில் இருந்து போதிய உயரத்தில் நின்று, ஒரு பக்கமாக 300 மீட்டர் அகலப் பட்டைக்குள் நீரில் மிதக்கும் பறவைகளை எல்லாம் பதிவு செய்வார். இந்தப் பட்டை 0–50, 50–100, 100–200, 200–300 மீட்டர் என நான்கு தூர வகுப்புகளாகப் பிரிக்கப்படும். அளவுகோல் எதுவும் இல்லாத நீர்ப்பரப்பில் 200 மீட்டர் எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும்? இதற்கு எளிய கருவி ஒன்று உண்டு. நீட்டிய கையில் ஒரு குச்சியைப் பிடித்து அதன் நுனியை அடிவானத்தோடு பொருத்தினால், அடிவானத்துக்குக் கீழே ஒவ்வொரு தூரமும் குச்சியில் எந்த இடத்தில் விழும் என்பதைக் கண்ணின் உயரத்தையும் கையின் நீளத்தையும் கொண்டு முன்கூட்டியே கணக்கிட்டுக் கோடு போட்டுவிடலாம். 1981-இல் விவரிக்கப்பட்ட இந்த முறை இன்றும் வழக்கில் இருக்கிறது. ஒருவருக்கென்று செய்த குச்சி இன்னொருவருக்குப் பொருந்தாது. அவர் வேறு தளத்தில் நின்றாலும் பொருந்தாது.

பறக்கும் பறவைகளை இப்படி எண்ண முடியாது. காரணத்தை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். கப்பல் 10 நாட் வேகத்தில் செல்கிறது என்றால் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 300 மீட்டர் கடக்கும். வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் பறக்கும் பறவை 300 மீட்டர் சதுரத்தை 20 வினாடியில் கடந்துவிடும். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பறவைகள் அந்த நிமிடத்துக்குள் கடந்தால், எந்தக் கணத்திலும் அந்தச் சதுரத்தில் ஒரு பறவைதான் இருந்திருக்கும். ஆனால் பார்வையாளர் மூன்று என்று எழுதியிருப்பார். உண்மையான அடர்த்தி மும்மடங்காகிவிடுகிறது. ஆகவே நிமிடத்துக்கு ஒரு முறை, குறித்த கணத்தில், சதுரத்துக்குள் பறந்துகொண்டிருப்பவை மட்டுமே எண்ணப்படும். கணநேர எண்ணிக்கை எனப்படும் இந்த உத்திதான் டாஸ்கர் கட்டுரையின் முக்கியமான பங்களிப்பு. கேட்க எளிதாக இருந்தாலும், மிதப்பவற்றைத் தேடிக்கொண்டே கடிகாரத்தையும் கவனித்து, அந்த ஒரு கணத்தில் வானத்தைப் பார்ப்பது பயிற்சி இல்லாதவருக்குக் கைவராது.

கப்பலின் பெரிய நன்மை நேரம். ஒரு பறவையைப் பல வினாடிகள் பார்க்கலாம். அது எந்த இனம், முதிர்ந்ததா இளையதா, இரை தேடுகிறதா, எந்தத் திசையில் பறக்கிறது, எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்பனவற்றை எல்லாம் குறித்துக்கொள்ளலாம். குறையும் கப்பலிலேயே இருக்கிறது. மீன்பிடிப் படகு வீசும் கழிவுக்குப் பழகிய கடற்காகங்கள் கப்பலைப் பின்தொடரும். அவற்றை எண்ணினால் தொகை வீங்கும். டைவர் பறவைகளும் ஸ்கோட்டர் வாத்துகளும் கப்பல் நெருங்குவதற்கு வெகு முன்பே எழுந்து பறந்துவிடும். அவற்றுக்குத் தொகை குறையும். முன்னால் பார்த்துக்கொண்டே இருக்க இன்னொருவர் தொலைநோக்கியோடு தேவைப்படுவது இதனால்தான். அலை பெரிதானால் சிறிய பறவைகள் மறைந்துவிடும் என்பதால், கடல்நிலை 4-க்கு மேல் போனால் எண்ணிக்கை நிறுத்தப்படுவது வழக்கம்.

கண்ணுக்குத் தப்பியவற்றைக் கணக்கில் சேர்த்தல்

300 மீட்டர் பட்டைக்குள் இருப்பவை எல்லாமே கண்ணில் படுவதில்லை. தூரம் கூடக்கூடத் தப்புபவை கூடும். எத்தனை தப்பின என்பதை, பார்த்தவற்றைக் கொண்டே மதிப்பிடலாம் என்பது தூர மாதிரியெடுப்பு முறையின் அடிப்படை. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் பக்லண்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதைப் பெரிதும் வளர்த்தெடுத்தனர்.

எடுத்துக்காட்டாக, மேற்சொன்ன நான்கு வகுப்புகளில் முறையே 40, 38, 60, 40 பறவைகள் பதிவானதாகக் கொள்ளலாம். கடைசி இரண்டு வகுப்புகள் 100 மீட்டர் அகலம் உடையவை. எனவே ஒவ்வொரு 50 மீட்டருக்கும் எத்தனை என்று பார்த்தால் 40, 38, 30, 20 என்று வரும். பறவைகளுக்கு நம் ஆய்வுக்கோடு எங்கே போகிறது என்று தெரியாது. ஆகவே அவை எல்லாத் தூரத்திலும் ஏறத்தாழச் சமமாகவே பரவியிருக்கும். அருகில் உள்ள 50 மீட்டரில் எதுவும் தப்பவில்லை என்று கொண்டால், 300 மீட்டருக்குள் ஆறு மடங்காக 240 பறவைகள் இருந்திருக்க வேண்டும். பார்த்தவை 178. அதாவது கண்டறியும் வாய்ப்பு சுமார் 74 விழுக்காடு. நடைமுறையில் இந்தச் சரிவுக்கு ஒரு வளைகோடு பொருத்தப்படும். கடல்நிலை, கூட்டத்தின் அளவு, பார்வையாளர் ஆகியவற்றுக்கு ஏற்ப அது மாற்றப்படும்.

இந்தக் கணக்கு இரண்டு நம்பிக்கைகளின் மேல் நிற்கிறது. கோட்டின் மேல் இருப்பது எதுவும் தப்பாது என்பது ஒன்று. பறவை கப்பலைக் கண்டு நகர்வதற்கு முன்பே பார்க்கப்படுகிறது என்பது மற்றொன்று. கில்லிமாட், ரேசர்பில், பஃபின் போன்ற முக்குளிக்கும் பறவைகளிடம் முதல் நம்பிக்கை உடைகிறது. நீருக்கு அடியில் இருக்கும் பறவையை எந்தக் கூர்மையான கண்ணும் பார்க்காது. இதற்குத் தனித் திருத்தம் தேவை. பறவையின் மீது பொருத்திய ஆழமானி அது நாளில் எவ்வளவு நேரம் முக்குளிக்கிறது என்பதைச் சொல்லும். கால் பங்கு நேரம் நீருக்குள் இருக்கிறது என்றால், படத்தில் தெரிந்த 30 பறவைகளுக்கு உண்மைத் தொகை 40. இனப்பெருக்கக் காலத்தில் அளந்த முக்குளிப்பு நேரம் குளிர்காலத்துக்கும் பொருந்துமா என்பது தனிக் கேள்வி.

தாழப் பறக்கும் விமானம்

கப்பல் ஒரு நாளில் கடக்கும் பரப்பை விமானம் ஒரு மணி நேரத்தில் கடந்துவிடும். டென்மார்க்கில் வளர்த்தெடுக்கப்பட்டு, பின்னர் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் பரவிய முறையில், இரட்டை எஞ்சின் சிறு விமானம் சுமார் 76 மீட்டர் உயரத்தில், மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்தில், பொதுவாக 2 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள கோடுகளின் மீது பறக்கும். இருபுறமும் ஒருவர் அமர்ந்து, கண்ணில் பட்டதை ஒலிப்பதிவுக் கருவியில் நேரத்தோடு சொல்லிக்கொண்டே வருவார். குனிந்து எழுத நேரம் கிடையாது; விமானம் ஒரு வினாடியில் 50 மீட்டருக்கு மேல் போய்விடும்.

தூர வகுப்புகள் இங்கே கோணத்தால் பிரிக்கப்படுகின்றன. அடிவானத்தில் இருந்து 60 பாகை, 25 பாகை, 10 பாகை கீழே பார்க்கும் கோணங்கள் கணிக்கப்பட்டு, எல்லைகள் முறையே 44, 163, 432 மீட்டர் என வருகின்றன. 44 மீட்டருக்கு உட்பட்ட பகுதி விமானத்தின் வயிற்றுக்கு அடியில் மறைந்திருப்பதால் அது கணக்கில் சேராது. தேம்ஸ் கழிமுகத்தின் டைவர் பறவைகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது இந்த முறைதான்.

ஆனால் இதற்கு ஓர் இயல்பான முடிவு இருந்தது. காற்றாலையின் இறக்கை நுனி 100 மீட்டரைத் தாண்டி, பின்னர் 150 மீட்டரையும் தாண்டி உயர்ந்தது. 76 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானம் அந்தப் பண்ணைக்குள் நுழைய முடியாது. கட்டுமானத்துக்கு முன் ஒரு முறையிலும், கட்டிய பின் வேறொரு முறையிலும் எண்ணினால், பறவைகள் மாறினவா எண்ணும் முறை மாறியதா என்பதைப் பிரித்தறிய முடியாது. ஒப்பீடே நோக்கமாக உள்ள ஆய்வில் இது சாதாரணக் குறை அல்ல.

டிஜிட்டல் படக் கணக்கெடுப்பு

2007 வாக்கில் பிரிட்டனில் சோதிக்கத் தொடங்கிய டிஜிட்டல் முறை இந்தச் சிக்கலைத் தீர்த்தது. விமானம் சுமார் 400 முதல் 550 மீட்டர் உயரத்தில், காற்றாலைகளுக்கு மேலே பாதுகாப்பாகப் பறக்கும். கீழ்நோக்கிய கேமராக்கள் தொடர்ச்சியான காணொளியையோ நிலைப்படங்களையோ பதிவு செய்யும். படத்தின் ஒரு புள்ளி கடற்பரப்பில் சுமார் 2 சென்டிமீட்டர் அளவைக் குறிக்கும். ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளமுள்ள கில்லிமாட் பறவை படத்தில் 20 புள்ளி நீளமாகத் தெரியும். ஒரு பறவையை அடையாளம் காண இது போதும். ரேசர்பில்லில் இருந்து பிரிக்கச் சில வேளை போதாது.

பறவைகள் விமானத்தைக் கண்டு எழுந்து பறப்பதில்லை என்பதே இம்முறையின் முதல் ஆதாயம். பட்டையின் அகலம் கேமராவால் துல்லியமாக வரையறுக்கப்படுவதால், தூரத்தால் தப்பும் சிக்கலும் பெரும்பாலும் மறைகிறது. 250 மீட்டர் அகலப் பட்டையை 2.5 கிலோமீட்டர் இடைவெளியில் எடுத்தால் கடற்பரப்பில் பத்தில் ஒரு பங்கு படமாகும். மீதியைப் புள்ளியியல் நிரப்ப வேண்டும். இன்னொரு பெரிய ஆதாயம், படம் அழிவதில்லை என்பது. கப்பலில் நின்றவர் எழுதியதை யாரும் சரிபார்க்க முடியாது. படத்தைப் பத்து ஆண்டு கழித்தும் எடுத்துப் பார்க்கலாம். ஒருவர் படங்களில் உள்ள பறவைகளைக் குறித்துவைக்க, இன்னொருவர் இனத்தை அடையாளம் காண, அவற்றில் ஒரு பகுதியை மூன்றாமவர் முந்தைய முடிவு தெரியாமல் மறுபடி பார்ப்பது வழக்கம். அனுமதி குறித்த விசாரணையில் எதிர்த் தரப்பு கேள்வி எழுப்பும் என்பதால் இந்த ஏற்பாடு அவசியமாகிறது. இப்போது கணினியின் துணையோடு படங்களில் பறவைகளைத் தேடும் முயற்சிகளும் நடக்கின்றன. அலைநுரையைப் பறவையாகவும் பறவையை அலைநுரையாகவும் கொள்ளும் தவறு மனிதருக்கும் கணினிக்கும் பொதுவானது.

தேம்ஸ் வெளிக்கழிமுகத்தைப் பின்னர் டிஜிட்டல் முறையில் கணக்கெடுத்தபோது, பாதுகாப்புப் பகுதி அறிவிக்கப்பட்ட காலத்து எண்ணைப் போல் இரு மடங்குக்கும் அதிகமான டைவர் பறவைகள் மதிப்பிடப்பட்டன. இதை இனம் பெருகியதற்கான சான்றாக வாசிப்பது தவறு. தாழப் பறக்கும் விமானத்துக்கு அஞ்சி எழுந்தவையும், பார்வையாளரின் கண்ணுக்குத் தப்பியவையும் இப்போது எண்ணில் சேர்ந்திருக்கக் கூடும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே வரைபடத்தில் வைத்துக் கோடு இழுப்போர் இந்த வேறுபாட்டைப் பல வேளைகளில் மறந்துவிடுகின்றனர்.

டிஜிட்டல் முறையில் இழக்கப்படுவதும் உண்டு. ஒரு பறவை படத்தில் ஒரு கணமே இருக்கிறது. அதன் நடத்தையை அறிவது கடினம். இனம் தெளிவாகாதவை ‘கில்லிமாட் அல்லது ரேசர்பில்’ என்ற கூட்டு வகையில் பதிவாகி, பின்னர் அடையாளம் காணப்பட்டவற்றின் விகிதப்படி பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. பறக்கும் உயரத்தைப் படத்தில் இருந்து கணிப்பதும் இன்னும் நிறைவான நிலையை எட்டவில்லை.

உயரமும் மோதல் கணக்கும்

மோதல் ஆபத்தைக் கணிக்க, பறவை இருக்கிறதா என்பதோடு எந்த உயரத்தில் பறக்கிறது என்பதும் தேவை. நீரை ஒட்டிப் பறக்கும் கில்லிமாட் இறக்கைகளுக்குக் கீழேயே கடந்துவிடும். பெரிய கடற்காகங்களும் கானெட் பறவைகளும் இறக்கை சுழலும் உயரத்தில் அடிக்கடி பறக்கின்றன. கப்பலில் இருந்து கண்ணால் கணித்த உயரங்களைத் தொகுத்து, இனம் வாரியான உயரப் பரவல் 2014-இல் வெளியிடப்பட்டது. லேசர் தூரமானி, விமானத்தில் பொருத்திய லைடார், ஜி.பி.எஸ். கருவி ஆகியவை இதைச் சரிபார்க்கப் பயன்படுகின்றன.

பிரிட்டனில் பரவலாகப் பயன்படும் பேண்ட் மாதிரி, பறவையின் அடர்த்தி, வேகம், உடல் அளவு, பறக்கும் உயரம், இறக்கையின் சுழற்சி ஆகியவற்றைக் கொண்டு, பறவை எதையும் தவிர்க்காமல் நேராகப் பறந்தால் எத்தனை மோதும் என்று முதலில் கணக்கிடும். பின்னர் தவிர்ப்பு விகிதத்தால் அதைக் குறைக்கும். 98 விழுக்காடு பறவைகள் தவிர்த்துவிடும் என்றால் மீதம் 2. 99 என்றால் மீதம் 1. ஒரே ஒரு விழுக்காடு மாறினால் இறப்பு எண்ணிக்கை பாதியாகிறது. மாதக்கணக்கில் கடலில் அலைந்து பெற்ற அடர்த்தி எண்ணைவிட, மேசையில் தேர்ந்தெடுத்த இந்த ஓர் எண் முடிவை அதிகமாக ஆட்டிவைப்பது இத்துறையின் சங்கடமான உண்மை.

தவிர்ப்பை நேரடியாக அளக்கும் முயற்சிகளில், இங்கிலாந்தின் தானெட் பண்ணையில் 2014 முதல் 2016 வரை நடந்தது முதன்மையானது. ரேடாரும் கேமராவும் இணைந்து ஆறு லட்சம் அளவிலான காணொளிகளைப் பதிவு செய்தன. அவற்றில் 12,000-க்கும் மேற்பட்டவற்றில் பறவைகள் தென்பட்டன. ஆறு மோதல்கள் மட்டுமே காணப்பட்டன. தவிர்ப்பு மிக உயர்ந்தது என்பதை இது காட்டியது. எனினும் கேமராக்கள் இருந்த காற்றாலைகள் சிலவே.

ரேடார் தனியாகவும் பழைய வரலாறு உடையது. டென்மார்க்கின் நிஸ்டட் பண்ணையில் வலசை போகும் ஐடர் வாத்துகளையும் பிற நீர்ப்பறவைகளையும் ரேடாரில் பின்தொடர்ந்த டெஸோம், காலர்ட் ஆகியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, ஆபத்து நேரும் அளவுக்குக் காற்றாலையை நெருங்கியவை நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்று காட்டியது. இரவிலும் பனிமூட்டத்திலும் ரேடார் வேலை செய்யும். எந்த இனம் என்பதை மட்டும் அது சொல்லாது.

முன்னும் பின்னும் ஒப்பிடுதல்

பிரிட்டனில் பண்ணைக்கு விண்ணப்பிக்கும் முன் இரண்டு ஆண்டுகள் மாதந்தோறும் கணக்கெடுப்பது நடைமுறை. பண்ணையின் எல்லையோடு நில்லாமல் சுற்றிலும் சில கிலோமீட்டர் சேர்க்கப்படும். இரண்டு ஆண்டு போதுமா என்பது நீண்ட நாள் விவாதம். கடற்பறவைகள் இரைமீன் கூட்டங்களைத் தொடர்பவை. ஒரே இடத்தில் ஓராண்டு ஆயிரக்கணக்கிலும் மறு ஆண்டு நூற்றுக்கணக்கிலும் இருக்கக் கூடும். இந்த இயல்பான ஏற்ற இறக்கத்துக்கு நடுவே காற்றாலையால் வந்த குறைவைப் பிரித்தறிய, குறைவு மிகப் பெரியதாக இருக்க வேண்டும்.

கட்டுமானத்துக்கு முன்னும் பின்னும், பண்ணையிலும் தொலைவில் உள்ள ஓர் ஒப்பீட்டுப் பகுதியிலும் எண்ணுவது பழைய வடிவமைப்பு. கடலில் ஒன்றை ஒன்று ஒத்த இரண்டு இடங்கள் கிடைப்பது அரிது. அதனால் பண்ணையில் இருந்து தொலைவு கூடக்கூட அடர்த்தி எப்படி மாறுகிறது என்று பார்க்கும் வடிவமைப்பு இப்போது விரும்பப்படுகிறது. இதன் பயனை ஜெர்மானியக் கடற்பகுதி தெளிவாகக் காட்டியது. டைவர் பறவைகளின் பரவல் பண்ணைகளில் இருந்து 16 கிலோமீட்டர் வரை மாறியிருப்பதை 2019-இல் வெளியான ஆய்வு கண்டது. 2023-இல் கார்த்தேயும் பிறரும் வெளியிட்ட ஆய்வில், பண்ணைகளிலும் அவற்றைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் டைவர் எண்ணிக்கை 94 விழுக்காடும், பத்து கிலோமீட்டர் சுற்றளவைச் சேர்த்தால் 52 விழுக்காடும் குறைந்திருந்தது. சுற்றிலும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் எண்ணிய ஆய்வுகளால் இதைக் கண்டிருக்கவே முடியாது; அவற்றின் ஆய்வுப் பரப்பு முழுவதுமே பாதிப்புக்குள் இருந்திருக்கும்.

எண்ணப்பட்ட பறவை எந்தக் கூட்டிடத்தைச் சேர்ந்தது என்பதும் சட்டப்படி முக்கியம். கிட்டிவேக் என்னும் சிறு கடற்காகம் கூட்டில் இருந்து 100 கிலோமீட்டருக்கும் அப்பால் சென்று இரை தேடக்கூடியது. ஜி.பி.எஸ். கருவிகளே இந்தத் தொடர்பை நிறுவுகின்றன. இங்கிலாந்தின் ஹார்ன்சி மூன்று பண்ணைக்கு 2020 டிசம்பர் 31 அன்று அனுமதி கிடைத்தபோது, ஃபிளம்பரோ–ஃபைலி கடற்பாறைகளில் கூடுகட்டும் கிட்டிவேக் பறவைகளின் இழப்பை ஈடுசெய்யச் செயற்கைக் கூட்டிடங்கள் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டது. கடலில் எண்ணிய பறவைகள், மாதிரி கணித்த மோதல்கள், அவற்றில் அந்தப் பாறைகளுக்குரிய பங்கு என்ற சங்கிலியின் முடிவில் வந்த நிபந்தனை அது.

2021, 2022-இல் பரவிய பறவைக் காய்ச்சல் இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தது. 2024-இல் வெளியான தொகுப்பின்படி பிரிட்டனில் கணக்கெடுத்த இடங்களில் பெரிய ஸ்குவா 76 விழுக்காடும், கானெட் 25 விழுக்காடும் குறைந்திருந்தன. நோய்க்கு முன் எடுத்த எண்ணிக்கையைக் கொண்டு விண்ணப்பித்த பண்ணைகளின் அடிப்படைத் தரவு ஒரே ஆண்டில் பழையதாகிவிட்டது.

மன்னார் வளைகுடா

இந்தியா 2015-இல் கடற்காற்றாலைக் கொள்கையை வெளியிட்டது. 2024 ஜூனில் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த 7,453 கோடி ரூபாய்த் திட்டத்தில் குஜராத் கடலில் 500 மெகாவாட்டும் தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட்டும் அடங்கும். தமிழ்நாட்டில் இதற்கு அடையாளம் காணப்பட்ட பகுதிகள் மன்னார் வளைகுடாவிலும் அதை ஒட்டியும் உள்ளன. வட கடலில் கில்லிமாட்டும் டைவரும் பெறும் இடம் இங்கே ஆலாக்களுக்கு உரியது. இராமர் பாலத்து மணல் திட்டுகளில் பலவகை ஆலாக்கள் கூடுகட்டுகின்றன. இலங்கையின் மேற்குக் கரையை ஒட்டிப் பிரைடில்ட் ஆலாக்கள் ஆண்டுதோறும் பெருங்கூட்டமாகத் தெற்கு நோக்கி வலசை போகின்றன.

இங்கே கணக்கெடுக்க வட கடலின் முறைகளை அப்படியே எடுத்துவைக்க முடியாது. பிரைடில்ட் ஆலாவும் சூட்டி ஆலாவும் மேலிருந்து பார்க்க மிகவும் ஒத்தவை; 2 சென்டிமீட்டர் புள்ளியில் இவற்றைப் பிரிப்பது கில்லிமாட்–ரேசர்பில் சிக்கலைவிடக் கடினமாக இருக்கக் கூடும். ஆலாக்கள் பெரும்பாலும் பறந்துகொண்டே இரை தேடுபவை என்பதால், மிதக்கும் பறவைகளுக்கு வகுத்த தூர வகுப்புகளைவிடக் கணநேர எண்ணிக்கையே அதிகம் பயன்படும். காலமும் எதிராக நிற்கிறது. வலசை வேகம் பிடிப்பது தென்மேற்குப் பருவக்காற்றின் பிற்பகுதியில். காற்றாலைக்கு அந்தக் கடலைத் தேர்ந்தெடுக்கக் காரணமான அதே காற்று அப்போது வீசிக்கொண்டிருக்கும். கடல்நிலை 4-க்குள் அடங்கி, கப்பலில் நின்று எண்ண முடிகிற நாட்கள் அந்த மாதங்களில் குறைவு. ஆகவே மேகம் தாழாத நாட்களில் டிஜிட்டல் படமும், கூட்டிடங்களில் பொருத்தும் ஜி.பி.எஸ். கருவியும், தனுஷ்கோடி, கற்பிட்டி போன்ற முனைகளில் கரையில் இருந்து செய்யும் எண்ணிக்கையும் சேர்ந்தே அந்த மாதங்களை நிரப்ப வேண்டியிருக்கும்.